வயலுக்கு மட்டம், வழிக்குக் கூன்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் வாத்தியார் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிரேடர் ஓட்டியவர். அவர் மகனும் என்னிடம் படித்தவன்தான். "அப்பா பேரைப் போடாதீங்க சார், அவருக்குப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டான். அதனால் பெயரில்லாமலே எழுதுகிறேன். முப்பத்து நான்கு வருடம் வரலாறு நடத்திய எனக்கு, சாலையின் வரலாற்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, டவுன்ஷிப்புக்கு வெளியே முந்திரித் தோப்பை மனை போட்ட இடத்தில் வீடு கட்டினேன். தார் ரோட்டிலிருந்து வீட்டுக்கு இருநூறு மீட்டர் கிராவல் பாதை. ஒன்பது வீடுகளுக்கும் அது ஒன்றே வழி. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் அது சேறாகும். ஒவ்வொரு தை மாதமும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நாலு லோடு செம்மண் கிராவல் அடிப்போம். ஒரு டிராக்டர்க்காரரை அழைத்துப் பின்னால் லெவலர் மாட்டி, நூல் பிடித்தாற்போல மட்டமாக இழுக்கச் சொல்வோம். பார்க்க அழகாக இருக்கும். அடுத்த மழைக்கு மறுபடி சேறு.

2015 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். கடலூர் மாவட்டமே தத்தளித்தது. அந்த வாரத்தில் ஒரு ராத்திரி என் துணைவியாருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே வர முடியவில்லை. பாதை நடுவில் முழங்கால் அளவு தண்ணீர். அடியில் எவ்வளவு பள்ளம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இருநூறு மீட்டரைக் கடக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மறுபடி நாலு லோடு அடிக்கலாம் என்று வீடு வீடாகப் போனேன். கிரேடர் பெரியவர் பணம் தர மறுத்துவிட்டார். "மண்ணை வாங்கி வாங்கி வாய்க்கால்ல கொட்டுறீங்க சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "இது வாய்க்காலா? மட்டமா இழுத்துத்தானே வெச்சிருக்கோம்?"

"அதான் சார் தப்பு. மட்டமா இழுத்தா அது வயல். வயல்ல தண்ணி நிக்கணும். ரோட்டுல தண்ணி ஓடணும். ரோட்டுக்குக் கூன் வேணும்."

அந்த ஒரு வாக்கியம் என்னைப் புத்தகங்கள் பக்கம் திருப்பி விட்டது. படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நம் ஊரில் நிலம் சமன் செய்வது பழைய கலை. உழுது, தண்ணீர் கட்டி, மாட்டின் பின்னால் பரம்புப் பலகையைக் கட்டி இழுப்பார்கள். பரம்படித்தல் என்போம். பலகை மேல் ஆள் ஏறி நிற்பார். மேடு கரைந்து பள்ளம் நிறையும். வயல் முழுவதும் ஒரே அளவு தண்ணீர் நின்றால்தான் நாற்று ஒன்றுபோல வரும். தலைமுறை தலைமுறையாகத் தண்ணீரை நிறுத்தப் பழகிய கை நம்முடையது. டிராக்டர் வந்ததும் பரம்பு இரும்பாகி லெவலர் ஆயிற்று. இப்போது லேசர் லெவலரும் வந்துவிட்டது. எல்லாம் வயலுக்கானவை. அந்தக் கையோடும் அந்தக் கண்ணோடும் பாதையை இழுத்தால், நாம் கட்டுவது ஒரு நீளமான வயல்.

சாலையில் பிரச்சினை இதற்கு நேர் எதிர். அதைத் தெளிவாகச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் லவுடன் மெக்காடம். பிறந்தது 1756. 1816-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்கு மேற்பார்வையாளர் ஆனார். அதற்கு முன்பு நல்ல சாலை என்றால் அடியில் பெரிய பெரிய கல்லாக அடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். மெக்காடம் சொன்னது வேறு. வண்டியின் பாரத்தைத் தாங்குவது கல் அல்ல, அடியில் இருக்கும் சொந்த மண்தான். அந்த மண் காய்ந்திருந்தால் எந்தப் பாரத்தையும் தாங்கும். நனைந்தால் எவ்வளவு கல் போட்டாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே சாலை என்பது மண்ணுக்கு ஒரு கூரை. நிலத்தைவிடக் கொஞ்சம் உயர்த்து, இரு பக்கமும் சரிவு வை, ஓரத்தில் வாய்க்கால் எடு, மேலே சிறு கல்லாக உடைத்துப் பரப்பு. ஒரு கல் 6 அவுன்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கணக்கில் சுமார் 170 கிராம். சிறு கல் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பெரிய கல் சக்கரம் பட்டதும் புரளும்.

நாம் கப்பி ரோடு என்று சொன்னது இந்த முறையின் வாரிசுதான். ஜல்லி பரப்பி, மேலே சரளை மண் தூவி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டுவார்கள். என் சின்ன வயதில் தைப்பூசத்துக்கு வடலூர் போகும் மாட்டு வண்டிகள் அப்படிப்பட்ட ரோட்டில்தான் போகும். பாட்டி மடியில் உட்கார்ந்து நானும் போயிருக்கிறேன். இரும்புப் பட்டை போட்ட மரச்சக்கரம் ஜல்லியை நசுக்கித் தூளாக்கும். மழை அந்தத் தூளை இடுக்குகளில் இறக்கி இறுக்கும். வண்டி போகப் போக ரோடு கெட்டிப்பட்டது ஒரு காலம்.

அதைக் கெடுத்தது மோட்டார் கார். ரப்பர் டயர் வேகமாகச் சுற்றும்போது இடுக்கில் இருக்கும் தூளை உறிஞ்சி வெளியே வீசிவிடும். ஒட்டுவது போனால் ஜல்லி தனித்தனியாகிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தார் பூசத் தொடங்கியது இந்தத் தூசித் தொல்லையால்தான். இந்தியாவில் மோட்டார் பெருகிச் சாலைகள் நாசமானபோது, 1927-இல் ஜெயகர் குழுவை அமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1934-இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் உருவாயிற்று. இன்றைக்கும் சாலை அமைப்புக்கான விதிகளை வகுப்பது அந்த அமைப்புதான்.

சரி, தாரும் இல்லாத, ரோலரும் வராத கிராமத்துப் பாதையை என்ன செய்வது? இதற்கு ஒரு விவசாயி கண்டுபிடித்த விடை எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், மெயிட்லண்ட் என்ற ஊர். டி. வார்டு கிங் என்ற விவசாயி 1896-இல் தன் வீட்டு எதிரில் இருந்த மண் பாதையை, மழை விட்டதும் ஒரு மரச்சட்டத்தைக் குதிரையில் பூட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு மரத்துண்டு ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, முன்னும் பின்னுமாக இணைத்து ஒரு கருவி செய்தார். ஏறக்குறைய நம் பரம்புதான்! ஆனால் இரண்டு வித்தியாசம். நேராக இழுக்காமல் சாய்வாக இழுத்தார். அதனால் ஓரத்து மண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து கூன் கட்டியது. இரண்டாவது, காய்ந்த மண்ணை இழுக்கவில்லை. மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது இழுத்தார். ஈர மண் பூசினாற்போல அழுந்தி, காய்ந்ததும் மேல்தோல் கட்டியாகிவிடும். அடுத்த மழை அதன்மேல் வழிந்து ஓடும். ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லிக்கொடுத்தார். செலவு என்று பார்த்தால் ஒரு மரத்துண்டும் இரண்டு குதிரையும் அரை மணி நேரமும்தான்.

அதே பலகையை இரும்பாக்கிச் சக்கரம் வைத்ததுதான் கிரேடர். அமெரிக்காவில் ஜே.டி. ஆடம்ஸ் என்பவர் 1885-லேயே சக்கரத்தைச் சாய்த்து ஓட்டும் கிரேடரைச் செய்திருந்தார். குதிரை இழுக்கும். 1931-இல் கேட்டர்பில்லர் நிறுவனம் தானே ஓடும் ரப்பர் சக்கர கிரேடரைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1964-இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனமும் கிரேடர் செய்கிறது.

டிராக்டர் பக்கம் பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தவர் அயர்லாந்தின் ஹாரி பெர்குசன். பழைய டிராக்டரில் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கல்லிலோ வேரிலோ மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிக் குப்புறக் கவிழ்ந்து ஓட்டுநர் செத்ததும் உண்டு. கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று இடத்தில் கருவியைப் பிடிக்கும் முறைக்கு 1926-இல் காப்புரிமை பெற்றார். அதை நீர்ம அழுத்தத்தால் தூக்கி இறக்கலாம். கருவி டிராக்டரின் உடம்போடு சேர்ந்துவிட்டது. 1939-இல் போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து அந்த டிராக்டர் பெருவாரியாக வந்தது. பின்னாளில் மாசி பெர்குசன் என்ற பெயர் உருவானது. அந்த நிறுவனத்தின் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் தொடங்கியதுதான் டாபே. நம் தெருவுக்கு வரும் டிராக்டரின் பின்னால் டாப் லிங்க் என்று டிரைவர் ஒன்றைத் திருகுகிறாரே, அது பெர்குசனின் மூன்றாவது கை.

இப்போது நெய்வேலிக்கு வருகிறேன். இந்த ஊரின் கதையை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போன கிராமங்களின் பிள்ளைகளும் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரிக் கேட்டிருக்கும் என்பதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நான் வகுப்பில் சரியாகச் சொன்னதில்லை. நெய்வேலியின் முதல் எதிரி தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு ஊற்று நீர் நிற்கிறது. அதை இராப்பகலாக பம்ப் வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து தண்ணீர் மேலே வந்துவிடும். மேலே பருவமழை வேறு. ஆக, முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் நிலக்கரி. பெரியவர் இதைத்தான் சொன்னார். "பெரிய பெரிய மெஷினைப் பத்தித்தான் சார் எல்லாரும் பேசுவாங்க. வாளி வெச்ச ராட்டினம் சுத்துறதை போட்டோ எடுப்பாங்க. உள்ள ரோடு இல்லன்னா ஷிப்ட் ஆளு எப்படிப் போவான்? டீசல் எப்படிப் போவும்? மழையில நாங்க தண்ணிக்கு வழி விட்டாத்தான் எல்லாம் ஓடும்."

2015 டிசம்பர் கடைசியில், மழை விட்டு மண் ஈரம் காய்வதற்குள், அவர் எங்கள் பாதையைச் செய்து காட்டினார். வாடகை டிராக்டர், கல்டிவேட்டர், லெவலர், அவ்வளவுதான். ஒரு லோடு புது மண்கூட வாங்கவில்லை. வரிசையாக எழுதுகிறேன். உங்கள் ஊர்ப் பாதைக்கும் உதவும்.

முதல் வேலை டிராக்டரில் இல்லை. மழை பெய்யும்போது குடை பிடித்து நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று குச்சி நட்டு வைத்தார்.

இரண்டாவது, கல்டிவேட்டரின் கொழுக்களால் பாதையைக் கீறினார், பள்ளத்தின் அடி ஆழம் வரைக்கும். "பள்ளத்துல மண்ணைப் போட்டு மூடுனா கிண்ணத்துல சோறு வெச்ச மாதிரி. வண்டி போனா வெளிய வந்துடும். கிண்ணத்தையே உடைக்கணும்" என்றார்.

மூன்றாவது, லெவலரைச் சாய்வாகத் திருப்பி, ஒரு பக்க ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டே போனார். திரும்பி வரும்போது மறு ஓரத்திலிருந்து நடுவுக்கு. வலது பக்கத் தூக்குக் கையின் திருகைச் சுற்றிப் பலகையின் ஒரு முனையைத் தாழ்த்திக்கொண்டார். கணக்கு எளிது: நடுவிலிருந்து ஓரத்துக்கு 100-க்கு 4 சரிவு. எங்கள் பாதை 12 அடி அகலம். ஓரத்துக்கு 6 அடி. அப்படியானால் நடு ஏறக்குறைய 3 அங்குலம் உயரம். ஒரு நேர்ப் பலகையும் ரசமட்டமும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம்.

நான்காவது, ஓரத்தில் வருடக்கணக்கில் புல்லும் மண்ணும் சேர்ந்து வரப்பு மாதிரி நின்றதை மண்வெட்டியால் வெட்டி எடுத்தோம். எவ்வளவு கூன் வைத்தாலும் அந்த வரப்பு இருந்தால் தண்ணீர் வெளியேறாது. வாய்க்காலுக்குப் போகாமல் பாதை ஓரமாகவே ஓடி அரிக்கும்.

ஐந்தாவது, கிராவல் நிரப்பிய டிப்பரை, சக்கரத் தடம் மாற்றி மாற்றி, ஈரம் காய்வதற்குள் நாற்பது ஐம்பது தடவை ஓட்டி அழுத்தினார். பெரிய ரோலர் தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் அந்த லோடு அப்படியே திரும்பிப் போயிற்று!

மண்ணைப் பற்றியும் சொன்னார். வெறும் களி இருந்தால் வழுக்கும். வெறும் மணல் இருந்தால் ஓடிவிடும். உருண்டைக் கூழாங்கல் நிற்காது. முனை உள்ள கல், மணல், கொஞ்சம் களி மூன்றும் கலந்திருக்க வேண்டும். கையில் எடுத்து ஈரத்தோடு பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலில் அப்பக் கூடாது.

இன்னொன்று. பாதை குறுக்கே துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக விழுகிறதே, அதற்கு மண் மட்டும் காரணம் இல்லை. வேகம்தான் முக்கியக் காரணம். 2009-இல் இயற்பியலாளர்கள் சோதனை செய்து, ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் உருளும் சக்கரம்தான் காய்ந்த மண்ணில் இந்த அலைகளை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். பெரியவர் இதைப் படிக்கவில்லை. ஆனால் பைக்கில் பறக்கும் பையன்களை நிறுத்தி, "மெதுவாப் போடா, ரோட்டைப் பல்லுப் பல்லா ஆக்காத" என்று அதட்டுவார்.

அதன்பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை, ஆடி மழைக்குப் பிறகு ஒன்று, மார்கழி கடைசியில் ஒன்று, அரை நாள் டிராக்டர் வாடகை. அவ்வளவே செலவு. இடையில் புது மண் ஒரே ஒரு தடவை அடித்தோம். எந்த மழையிலும் வண்டி நின்றதில்லை. 2020-இல் எதிர் வீட்டு அம்மாவை ராத்திரி இரண்டு மணிக்கு, கொட்டும் மழையில், ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்து அழைத்துப் போயிற்று. அவருடைய மகன் துபாயில் இருக்கிறான். இதைப் படித்துக்கொண்டிருப்பான்.

பராமரிப்புக்கு வரலாற்றில் பெயர் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைப்பார்கள். வாய்க்காலில் அடைத்த இலையை எடுத்தவனுக்கு யார் கல்வெட்டு வைப்பது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் ரோட்டுக்கென்று ஆட்கள் இருந்தார்கள். கூடையும் மண்வெட்டியுமாக மழை விட்டதும் நடந்து போவார்கள். சின்னப் பள்ளம் சின்னதாக இருக்கும்போதே மூடிவிடுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் திரெசாகே என்ற பொறியாளரும் இதையே வற்புறுத்தினார்: எப்போதாவது ஊரையே திரட்டிப் பழுது பார்ப்பதைவிட, நிரந்தர ஆள் வைத்துத் தினமும் பார்ப்பது நல்லது என்று. அரசர்கள் பட்டத்துக்கு வந்த ஆண்டை உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். இந்த ஆட்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அது என் தவறு.

இப்போது விண்ணப்பம். பெரியவர் போன பிறகு இந்த ஆடியில் யாரும் டிராக்டரை அழைக்கவில்லை. கூன் தேய்ந்து நடுவில் இரண்டு தடம் விழுந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தெருக் கூட்டம். சிமெண்ட் ரோடு போட்டுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் பணம் சேர்ந்து போடுவதற்குள் ஐப்பசி வந்துவிடும். சிமெண்டுக்கும் சரிவும் வாய்க்காலும் வேண்டும், இல்லாவிட்டால் அதன் அடிமண்ணையும் தண்ணீர் அரித்துவிடும்.

ஒன்பது வீட்டில் ஐந்து வீட்டில் வயதானவர்கள் மட்டுமே இருக்கிறோம். பிள்ளைகள் நீங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறீர்கள். பணம் கேட்டால் உடனே அனுப்பிவிடுவீர்கள், அது எனக்குத் தெரியும். பணம் வேண்டாம். உள்ளூரில் இருக்கும் இரண்டு மூன்று பேர், சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். டிராக்டர் சொல்லிவிட்டேன். பெரியவர் மகன் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். அப்பாவின் ரசமட்டத்தை அவன் எடுத்து வைத்திருக்கிறான். எனக்கு எழுபத்து நான்கு வயது. டிராக்டர் பின்னால் நடந்து சொல்லத் தெரியும், மண்வெட்டி பிடிக்க முடியாது. யாராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டால் போதும்.

"ஏங்க, போனை வெச்சுட்டு வந்து சாப்பிடுங்க" என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது. அந்தக் கட்டிலில் போனவர்தான் கூப்பிடுகிறார். போகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். சனிக்கிழமை வருபவர்கள் கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள். காலை டிபன் எங்கள் வீட்டில்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்